கீழ் ஸ்லொட்

“வேற டிஸ்க் ஏதும் பூட்டக் கிடக்கா ராத்தா?” என்று இன்ஷாப் கேட்டான்.

“இல்ல தம்பி” என்றாள் சனூஸா.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. அந்தக் கேள்வியை எந்த ஆண் கேட்டாலும் அவளுடைய வாயில் தயாராக நிற்கும் பதில் அது.

இன்ஷாபின் கணினிக் கடை திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருந்தது. வாசலில் வீதி, வீதிக்கு அந்தப் பக்கம் கடல். உப்புக் காற்று இரும்பையும் செம்பையும் ஒன்றாகத் தின்கிற இடமாதலால் அவனுக்கு வேலை குறைந்ததே கிடையாது. சனூஸா காலையிலேயே கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். மாரி மழையில் விழுந்த இடியொன்று அவளுடைய பழைய கணினியின் மதர்போர்டைக் கருக்கிவிட்டது. கணினி இல்லாவிட்டால் அவளுக்குத் தொழில் இல்லை. கொழும்பிலிருந்து சாமான்கள் வந்து சேரும்வரை காத்திருந்து, இன்றைக்குத்தான் புதியது ஒன்று இன்ஷாபின் மேசையில் வயிறு திறந்து கிடந்தது.

“ரெண்டு எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கிட்டீங்க. மதர்போர்டிலயும் ரெண்டு ஸ்லொட் கிடக்கு. எதை எங்க போடட்டும்?” என்றான் இன்ஷாப்.

“நீங்கதானே கடைக்காரர்.”

“பாவிக்கப் போறது நீங்க. பிறகு ஓடயில்ல எண்டு கிண்ணியாவில இருந்து ஏசுறதும் நீங்க.”

அவன் திருப்புளியின் நுனியால் தொட்டுக் காட்டினான். “மேல கிடக்கிறது புரொசஸரோட நேரா கதைக்கும். நடுவில ஆரும் இல்ல. கீழ கிடக்கிறது அந்தச் சிப்புக்குள்ளால போய்த்தான் வரும். கந்தோரில பெரியவரைப் பாக்கிறதுக்குப் பியோனிட்டச் சொல்லிப்போட்டு வாங்கில குந்தி இரிக்கிற மாதிரி.”

சனூஸாவுக்குச் சிரிப்பு வந்தது. “அப்ப விண்டோஸ மேல போடுங்க. பெரியவர் அதுதானே.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுற. விண்டோஸ் விடிய ஒருக்கா எழும்பினா அதுட வேலை முடிஞ்ச மாதிரி. நாள் முழுக்க ஓடுறது நீங்க வெட்டுற வீடியோதான். அதை மேல போடுவம். மேல உள்ளதுக்கு அலுமினிய மூடியும் கிடக்கு, சூடு பிடியாது. கீழ உள்ளது கிராபிக்ஸ் கார்ட்டுக்குப் பக்கத்தில வெந்துகொண்டு கிடக்கும். விண்டோஸ் வேகட்டும்.”

“வேகட்டும்.”

“ஆனா வேற டிஸ்க் இரிக்கு எண்டா நான் வேற மாதிரிப் போடுவன். அதுதான் கேக்கன்.”

மின்வயர் இழுப்பதைப் பற்றித்தான் கேட்கிறான் என்று அவள் நினைத்தாள். “இல்ல எண்டு சொன்னன்தானே தம்பி.”

“சரி ராத்தா, கோவிக்காதீங்க.”

அவன் விண்டோஸுக்கான இரண்டாவது எஸ்எஸ்டியை, ஒரு விரல் நீளத் தகட்டை, கீழ் ஸ்லொட்டில் சரித்துச் செருகி, அழுத்திப் பிடித்து, மிளகளவு திருகாணியைப் பூட்டினான். கணினியை ஓட்டிப் பார்த்தார்கள். எண்ணெயில் வழுக்குவது போல ஓடியது. ஹஸன், சனூஸாவின் கணவன், லொறிக்கு லீவு போட்டுவிட்டு வந்து கணினியை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோனான். மதர்போர்டின் பெட்டியும் அதற்குள் இருந்த விளக்கப் புத்தகமும் இடமில்லாமல் கடையிலேயே நின்றுவிட்டன.

சனூஸாவின் தொழில் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் படம்பிடிப்பது. ஆண்கள் பக்கத்துக்கு ஆயிரம் கமராக்காரர்கள் இருக்கிறார்கள். முக்காட்டையும் ஹபாயாவையும் கழற்றிப் போட்டுவிட்டுப் பெண்கள் தங்களுக்குள் சிரித்துப் பாடி விளையாடும் அந்த மண்டபத்துக்குள் கமராவோடு நுழையக்கூடியவள் கிண்ணியாவிலும் மூதூரிலும் அவள் ஒருத்திதான். வாசலில் ஒரு பேசின் வைத்து வருகிற பெண்களின் கைபேசிகளை வாங்கிவிடுவார்கள். உள்ளே நடப்பதற்கு அவளுடைய கமரா மட்டுமே சாட்சி.

அந்த நம்பிக்கைக்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். ஹார்ட் டிஸ்க்கைக் கலியாண வீட்டார் வாங்கிக் கொடுக்க வேண்டும். கமராவில் உள்ளதை அதில் இறக்கியதும் கார்டை அவர்களுக்கு முன்னாலேயே அழித்துவிடுவாள். ஒரு வீட்டுக்கு ஒரு டிஸ்க், ஒரே பிரதி. அதற்கு வெளியில் ஒரு துண்டுப் படம்கூட இருக்காது. வெட்டி முடித்ததும் டிஸ்க்கையே திருப்பிக் கொடுத்துவிடுவாள். எங்கேயோ ஓர் ஊரில், திருத்தக் கொடுத்த கணினியிலிருந்து ஒரு பெண்ணின் படங்கள் வெளியாகி ஊர்க் கைபேசிகளெல்லாம் சுற்றிய கதை வந்த பிறகு, தன்னிடம் டிஸ்க் இருக்கிறது என்பதையே அவள் எந்தக் கடைக்காரனிடமும் சொல்வதில்லை. கணினியைத் திருத்தக் கொண்டுபோகும்போதெல்லாம் டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் போவாள்.

இப்போதும் அலுமாரியில் ஒன்று இருந்தது. லைலா மாமி வீட்டு டிஸ்க்.

லைலா மாமிக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ஷிஃபானா. இருபது வயதிலேயே சிறுநீரகம் பழுதாகி, வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு இருந்தவள். அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. இளையவள் சப்ரினாவுக்கு வரன் வந்தபோது, “எனக்காகப் பாத்துக்கொண்டு இரிக்காதீங்க உம்மா” என்று முன்னின்று சம்மதம் சொன்னவளும் ஷிஃபானாதான். கலியாணத்தன்று படுக்கையை விட்டு எழுந்து, மருதோண்டி போட்டுக்கொண்டு, கதிரையில் உட்கார்ந்து பாடினாளாம். பார்த்தவர்கள் சொன்னார்கள். லைலா மாமி பார்க்கவில்லை. அன்று முழுவதும் அவர் குசினிக்கும் வாசலுக்கும் ஓடி, வந்தவர்களைச் சாப்பிட இருத்தி, சம்பந்தி வீட்டாரைச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் ஷிஃபானா மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டாள். சப்ரினா கணவனோடு கட்டாருக்குப் போய்விட்டாள். வீட்டில் லைலா மாமியும் அவர் கணவர் சரீபும் மட்டும். ஷிஃபானா நோய்ப்பட்டு வருத்தக்காரியாக மாறிய பிறகு ஒரு படம் எடுக்க விட்டதில்லை. அடையாள அட்டையில் இருக்கும் முகம் பதினாறு வயதுப் பிள்ளையின் முகம்.

“முழுக்க வேணாம் மகள்” என்று லைலா மாமி இரண்டு மூன்று தடவை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். “கலியாணம் கிடக்கட்டும். அவ பாடினதை மட்டும் காட்டினாப் போதும்.”

“கொம்பியூட்டர் வந்ததும் முதல் வேலை அதுதான் மாமி.”

வந்துவிட்டது. சனூஸா கதவைச் சாத்திவிட்டு அலுமாரியைத் திறந்தாள். கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். பழைய ரக ஹார்ட் டிஸ்க் பூட்டுவதற்கான போர்ட்கள் நாலு இருந்தன. அவற்றில் இரண்டை நீளமான கிராபிக்ஸ் கார்ட் மூடிக்கொண்டு கிடந்தது. கை எட்டக்கூடியவையாக ஓரத்தில் இரண்டு. அதில் ஒன்றில் டிஸ்க்கின் வயரைச் செருகிக் கணினியை எழுப்பினாள்.

டிஸ்க் இல்லை.

வயரை மாற்றிப் பார்த்தாள். பக்கத்துப் போர்ட்டில் செருகினாள். இல்லை. காதை வைத்துக் கேட்டாள். உள்ளே சுழல்கிற சத்தம் கேட்டது, ஆனால் திரையில் அதன் பெயர் வரவில்லை. விண்டோஸ் எழும்புவதற்கு முன்னால் வரும் பயோஸ் பக்கத்துக்குப் போனாள். இரண்டு எஸ்எஸ்டிகளின் பெயரும் அழகாக நின்றன. மூன்றாவது பெயர் இல்லை.

இடி விழுந்த அன்று அந்த டிஸ்க் பழைய கணினிக்குள்தான் பூட்டிக் கிடந்தது. மதர்போர்டைக் கருக்கிய மின்சாரம் டிஸ்க்கை மட்டும் எப்படி விட்டிருக்கும்? இவ்வளவு நாளும் அந்த எண்ணம் தனக்கு வரவில்லையே என்று தன்மீதே கோபம் வந்தது. இன்ஷாபுக்கு எடுத்துக் கேட்போமா என்று கைபேசியை எடுத்தாள். வேறு டிஸ்க் இல்லை என்று இரண்டு தடவை அடித்துச் சொன்ன வாயால் எப்படிக் கேட்பது? கேட்டால், கொண்டு வாங்க பார்ப்பம் என்பான். கைபேசியை வைத்துவிட்டாள்.

கொழும்பில் பழுதான டிஸ்க்கிலிருந்து தரவுகளை மீட்டுக் கொடுக்கும் இடமொன்றின் இலக்கத்தைத் தேடி எடுத்தாள்.

“இடியா?” என்றான் அங்கே பேசியவன். “சுத்துற சத்தம் கேட்டாலும் உள்ளுக்குச் சர்க்கிட் போயிருக்கும். அனுப்புங்க மிஸ், பாதிக்கு மேல எடுத்துத் தரலாம்.”

“உள்ளுக்கு இருக்கிறதை நீங்க பாப்பீங்களா?”

“பாக்காம எப்பிடி? ஒவ்வொண்டாத் திறந்து சரியா வந்திருக்கா எண்டு பாத்துத்தானே தர வேணும்.”

“பொம்பிளைகள் ஆரும் வேலை செய்யிறாங்களா?”

அவன் சிரித்தான். “இல்ல மிஸ். நாங்க மூண்டு பேரும் ஆம்பிளைகள்தான்.”

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் டிஸ்க்கைச் சீலைப் பையில் போட்டுக்கொண்டு லைலா மாமியின் வீட்டுக்கு நடந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள், கொழும்பில் கேட்டதையும் சேர்த்து. லைலா மாமி டிஸ்க்கை வாங்கிக் கையில் வைத்து நிறை பார்ப்பது போல அசைத்தார்.

“இஞ்ச டவுனில ஆரிட்டயும் காட்டேலாதா?”

“காட்டலாம் மாமி. அதுவும் ஆம்பிளைதான். திறந்து பாக்க மாட்டன் எண்டு சொல்லுவார். அதுக்கு மேல என்னால பொறுப்புச் சொல்லேலாது.”

லைலா மாமி டிஸ்க்கை மடியில் வைத்தார். பிறகு, “உசிரோட இரிக்கக்குள்ள டொக்டருக்குக் கையை நீட்டக்கூட அவ யோசிப்பா” என்றார். “மையித்தைக் குளிப்பாட்டக்குள்ள நான் ஒராள், பக்கத்து வீட்டு ஜெஸ்மின் ஒராள், ரெண்டு பேர்தான் பாத்தம். இப்ப மூணு ஆம்பிளைகள் குந்தி இருந்து அவட முடியைப் பாக்கிறதா? பெத்தவள் அனுப்பி வைக்கிறதா?”

“மாமி, யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்ல.”

“யோசிச்சிட்டன். செத்துப்போனதை ஆரும் தோண்டேலாத மாதிரிச் செய்து தா. எறிஞ்சா ஆரும் எடுத்துப்போடுவான்.”

சனூஸாவிடம் கமரா திருத்தும் சின்னத் திருப்புளிகள் இருந்தன. குசினியின் தரையில் பாயை விரித்து, டிஸ்க்கின் மூடியைக் கழற்றினாள். உள்ளே வட்டத் தட்டு இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. அதுபோலச் சுத்தமாகப் பளபளக்கும் சாமானை லைலா மாமி தன் குசினியில் கண்டதில்லை.

“இதுக்குள்ளயா புள்ள இரிக்கிறா?” என்று கேட்டார்.

“ஓம் மாமி. இதுக்குள்ளதான்.”

உடைத்துவிடலாமென்று சனூஸா அம்மிக்குழவியைத் தேடினாள். லைலா மாமி வேண்டாமென்றார். தட்டுகளை வாங்கிக்கொண்டு போய்ப் பைப்படியில் குந்தினார். பானை தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருளை எடுத்தார். சோற்றுப் பானையைத் தேய்ப்பது போலவே, உள்ளேயிருந்து வெளியே, வெளியேயிருந்து உள்ளே, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம், தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தார். தண்ணீர் கறுப்பாக ஓடியது. பளபளப்புப் போய்த் தட்டுகள் இரண்டும் பழைய தகரம் போல ஆகும்வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை. சனூஸா பார்க்க மாட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முடிந்ததும் லைலா மாமி தட்டுகளைத் துடைத்துச் சனூஸாவிடமே கொடுத்தார். “கொண்டு போ. எங்க போடுற எண்டு எனக்குச் சொல்லாத.”

அதற்குப் பிறகு சனூஸாவுக்குப் புதுக் கணினியில் கைவைக்க மனம் வரவில்லை. ஹஸன் பகிடிவிட்டுப் பார்த்தான். “இந்த விலைக்கு ஒரு மாடு வாங்கியிருந்தாலும் இப்ப பால் தந்திரிக்கும்” என்றான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் நோன்பு கழிந்ததும் கலியாணங்கள் வரிசையில் வந்தன. முதல் கலியாணம் மூதூரில். அந்த வீட்டார் கடையிலிருந்து அப்படியே வாங்கிய டிஸ்க் ஒன்றை, உறைகூடக் கிழிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அவள் உறையைக் கிழித்து, டிஸ்க்கைப் பூட்டிக் கணினியை எழுப்பினாள்.

டிஸ்க் இல்லை.

வயரை மாற்றினாள். பக்கத்துப் போர்ட்டில் செருகினாள். உள்ளே சுழல்கிறது. பயோஸ் பக்கத்தில் பெயர் இல்லை. கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து அந்தத் திரையை வெறித்துப் பார்த்தாள். இதில் எந்த இடியும் விழவில்லை. இதை இதுவரை யாரும் தொடவே இல்லை.

இந்தத் தடவை அவள் இன்ஷாபுக்கு எடுத்தாள்.

“புது டிஸ்க்கா?” என்றான் அவன். “எங்க செருகின நீங்க? ஓரத்தில கிடக்கிற ரெண்டிலயுமா?”

“ஓம்.”

“அது வேலை செய்யா ராத்தா. கீழ் ஸ்லொட்டில எஸ்எஸ்டி போட்டா அந்த ரெண்டு போர்ட்டும் தானாவே மூடிப்போயிரும். அந்த மதர்போர்டு அப்பிடித்தான். ரெண்டுக்கும் ஒரே வழி, கீழ் ஸ்லொட் எடுத்தா போர்ட்டுக்கு இல்ல. அதுக்குத்தானே வேற டிஸ்க் கிடக்கா எண்டு துருவித் துருவிக் கேட்ட நான். இருந்திருந்தா மற்ற ரெண்டு போர்ட்டுக்கும் வயரை இழுத்து விட்டுத்தான் கார்ட்டைப் பூட்டியிருப்பன்.”

சனூஸா கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கணினிக்குள் குனிந்து பார்த்தாள்.

“ராத்தா? லைனில இரிக்கிறீங்களா? நம்பிக்கை இல்லாட்டிக் கீழ் எஸ்எஸ்டியைக் கழட்டிப்போட்டு பயோஸைப் பாருங்க. டிஸ்க்கிட பேர் வரும்.”

“அதில பூட்டினா நல்ல டிஸ்க்கும் செத்த மாதிரித்தான் தெரியுமா?”

“செத்த மாதிரி என்ன, இல்லாத மாதிரியே தெரியும். டிஸ்க்குக்கு ஒண்டும் ஆகியிரிக்காது. பயப்பிடாதீங்க.”

கைபேசியை வைத்துவிட்டுக் கணினியை நிறுத்தினாள். கிராபிக்ஸ் கார்ட்டின் ஓரத்தால் விரலை விட்டு மிளகளவு திருகாணியைக் கழற்றினாள். இரண்டு முறை தவறி விழுந்தது. கீழ் எஸ்எஸ்டியை உருவி எடுத்து மேசையில் வைத்தாள். கணினியை எழுப்பிப் பயோஸ் பக்கத்துக்குப் போனாள்.

மூதூர் டிஸ்க்கின் பெயர் திரையில் நின்றது, எப்போதும் அங்கேயே இருந்தது போல.

அழுகை வரவில்லை. பைப்படியில் கறுப்புத் தண்ணீர் ஓடியது மட்டும் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்ஷாபுக்குக்கூட அது எந்த டிஸ்க் என்று தெரியாது. ஹஸன் பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது அவனிடம் சொன்னாள். அவன் சோற்றில் கையை வைத்தபடி யோசித்தான்.

“சொல்லி என்ன வரப்போகுது? அந்த மனிசி இப்பதான் கொஞ்சம் சாப்பிடுறாவாம். நீ போய் இதைச் சொன்னா, தன்ட கையால புள்ளயை அழிச்ச மாதிரி ஆகிப்போடும் அவவுக்கு.”

“சொல்லாட்டி?”

“சொல்லாட்டி இடி அழிச்சது.”

ஹஸன் சொன்னதில் நியாயம் இருந்தது. மாலைவரை அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். லைலா மாமி வீட்டார் கொடுத்தது ஒரே பிரதி. அதற்கு அவள்தான் பொறுப்பு. இடிமேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டு டிஸ்க்கை எந்த முகத்தோடு வாங்குவது என்ற இடத்தில் நியாயம் நழுவிவிட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

லைலா மாமி குசினியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சனூஸா பலகையில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். டிஸ்க் சாகவில்லை என்றாள். தான் செருகிய இடம்தான் மூடிக் கிடந்தது என்றாள். கடைக்காரன் கேட்டபோது இல்லையென்று சொன்னதையும் ஒளிக்கவில்லை.

சுளகு நின்றது.

“அப்ப அன்டைக்கு நல்லா இருந்திச்சா?”

“ஓம் மாமி.”

“நான் தேய்க்கக்குள்ள?”

“ஓம் மாமி.”

லைலா மாமி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். கம்பிச் சுருள் கீறிய தழும்பு எதுவும் அதில் இல்லை. ஏசுவார், எழும்பிப் போ என்பார் என்று சனூஸா காத்து நின்றாள். அவர் சுளகை ஒருபுறம் வைத்துவிட்டு, “குந்து” என்றார்.

சனூஸா குந்தினாள்.

“எல்லாரும் புள்ளயைப் பாத்த எண்டு சொல்லுறாங்க. என்னத்தைப் பாத்த எண்டு கேட்டா, நல்லாப் பாடினா எண்டுறாங்க. நீ கமராக்குள்ளால பாத்த. வடிவாப் பாத்திருப்ப. சொல்லு, எப்பிடி இருந்தா?”

சனூஸா அன்றைய நாளை மனத்தில் தேடினாள். மணப்பெண்ணின் மேடையில் பின்வெளிச்சம் கூடுதலாக விழுந்தது நினைவிருந்தது. பற்றரி மாற்ற ஓடியது நினைவிருந்தது. இடது பக்கக் கதிரையில் இருந்தவளின் முகம் மஞ்சளாகத் தெரிந்ததும், பல்ப்தான் காரணம், வெட்டும்போது நிறத்தைச் சரிசெய்யலாம் என்று நினைத்ததும் நினைவிருந்தன. அது பல்ப் அல்ல, ஷிஃபானாவின் நோய் என்று இப்போதுதான் விளங்கியது. டிஸ்க்கில் இருக்கத்தானே போகிறது என்று கண்ணால் பார்க்கவேண்டியதை அவள் பார்க்கவே இல்லை.

“வடிவா இருந்தா மாமி. சிரிச்சுக்கொண்டு இருந்தா. அந்தப் பச்சைச் சாரியோட...”

“பச்சை நான் உடுத்தது.”

சனூஸா தலையைக் குனிந்துகொண்டாள்.

“எனக்காகச் சோடிக்க வேணாம் மகள். தெரிஞ்சதைச் சொல்லு. தெரியாட்டிப் போ.”

தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்வதா என்று தயங்கினாள். “நான் கமராவைக் கிட்டக் கொண்டு போனனான் மாமி. அவ கையை நீட்டி மறைச்சிட்டா. என்னை எடுக்காதீங்க எண்டு.”

“மறைச்சாவா?”

“ஓம். உள்ளங்கை முழுக்க மருதோண்டி. கமரா முழுக்க அந்தக் கைதான் தெரிஞ்சிச்சு. நான் மற்றப் பக்கம் திரும்பிட்டன்.”

“பிறகு எடுக்கயில்லயா? பாடக்குள்ள?”

“தூரத்தில நிண்டு எடுத்திருப்பன். எடுத்தனானா இல்லயா எண்டு எனக்கு ஞாபகம் வருதில்ல மாமி. சத்தியமா வருதில்ல.”

லைலா மாமி நிமிர்ந்து பார்த்தார். “அப்ப அந்தத் தட்டில முகம் இருந்திச்சோ இல்லயோ எண்டு இனி ஆருக்கும் தெரியாது.”

“தெரியாது மாமி.”

வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று போனது. சரீப் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. லைலா மாமி எழும்பவில்லை.

“மருதோண்டி சிவந்திருந்திச்சா?” என்று கேட்டார்.

“நல்லாச் சிவந்திருந்திச்சு மாமி.”

“எந்தக் கை?”

“வலது கை. சின்ன விரலில ஒரு மோதிரம்.”

“அது என்ட மோதிரம். மற்ற விரலெல்லாம் அவவுக்கு வீங்கிப்போயிரும்.” அவர் மெல்லத் தலையாட்டினார். “கண்ணாடி வளையல் போட்டிருந்தாவா?”

“போட்டிருந்தா. சத்தம் கேட்டிச்சு. கை நடுங்கினதால...”

சனூஸா நிறுத்திக்கொண்டாள். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

“நடுங்கிச்சா?”

“ஓம் மாமி. நடுங்கிச்சு.”

“அன்டைக்குச் சுபஹுத் தொழ எழும்பக்குள்ள கேட்டன், காய்ச்சல் இரிக்கா எண்டு. இல்ல உம்மா எண்டா.” லைலா மாமி சுளகை மறுபடி மடியில் இழுத்துக்கொண்டார். “தங்கச்சிட கலியாணம் நிண்டுபோயிரும் எண்டு பயந்திரிக்கா. காய்ச்சலோடதான் பாடியிரிக்கா. நான் குசினிக்க நிண்டு சோறு போட்டன்.”

சரீப் உள்ளே வந்து, இரண்டு பெண்களையும் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார்.

லைலா மாமி அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினார். சனூஸா எழும்பிப் போவதா, இருப்பதா என்று தெரியாமல் அங்கேயே இருந்தாள்.

“நகத்திலயும் சிவப்பு இருந்திச்சா?” என்று லைலா மாமி தலை நிமிராமல் கேட்டார்.

“ஓம் மாமி. நகத்திலயும்.”